இரண்டும் இரண்டாகவே

2025 ஏப்ரல் 6 அன்று ராமேசுவரத்திலிருந்து தாம்பரத்துக்குப் புதிய ரயில் ஒன்று விடப்பட்டது. பாம்பனில் புதிய தூக்குப்பாலம் திறந்த நாளும் அதுவே. பழைய பாலம் 1914-ல் திறந்தது. நூறு ஆண்டுக்கு மேல் உப்புக்காற்றைத் தின்றுவிட்டு, 2022 டிசம்பரோடு ரயில் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. பழையதன் இரும்புச் சட்டங்கள் ரிவெட் அடித்துச் சேர்த்தவை, புதியதன் இணைப்புகள் முழுக்க வெல்டிங். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத் தீர்ப்பு சட்டென்று வாயில் வந்துவிடும்: ரிவெட்டின் காலம் முடிந்தது, வெல்டிங் வென்றது. ஆனால் அதே ரயில் தாம்பரத்தில் வந்து நிற்கும்போது, ஊரின் கிழக்கே விமானப்படைத் தளத்துக்கு மேல் வட்டமிடும் பயிற்சி விமானத்தின் உடம்பு முழுவதும் வரிசை வரிசையாக ரிவெட்தான். ஸ்டேஷன் வாசலில் ஜி.எஸ்.டி. சாலையில் இரைந்து போகும் சரக்கு லாரியின் சேஸிலும் ரிவெட்தான். பாலத்தில் பழசாகிப்போனது விமானத்தில் ஏன் பழசாகவில்லை? இந்தக் கேள்விக்கு ‘எது வலுவானது’ என்ற அளவுகோலில் பதில் கிடைக்காது. வெல்டிங் இரண்டு தகடுகளை ஒரே தகடாக்குகிறது. ரிவெட் இரண்டைச் சேர்த்துப் பிடித்தாலும் இரண்டையும் இரண்டாகவே விட்டுவைக்கிறது. அதன் குறை, நிறை இரண்டுமே இந்த ஒரு குணத்திலிருந்துதான் கிளைக்கின்றன. எங்கே அது போனது, எங்கே தங்கியது என்பதற்கும் இதுவே கணக்கு.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். அகராதியில் இதற்குத் தறையாணி என்று பெயர். பட்டறையில் ரிவெட், ரிவிட். சென்னைப் பேச்சில் ‘ரிவிட் அடிச்சிட்டான்’ என்றால் இனி அசையவே முடியாதபடி ஆப்பு வைத்துவிட்டான் என்று பொருள். இதைவிடச் சுருக்கமான விளக்கத்தைப் பாடப்புத்தகம் தரப்போவதில்லை. ஒரு பக்கம் தலை உள்ள தண்டைத் துளைகள் வழியே நுழைத்து, மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அடித்து இன்னொரு தலையாக்கிவிட்டால் முடிந்தது. திருகு போலக் கழற்ற முடியாது, அதிர்ச்சியில் நட்டு போலத் தளர்ந்து கழன்றும் போகாது. வாணலியின் காது இப்படித்தான் பிடித்திருக்கிறது. பாக்குவெட்டியின் இரு கைகளும் சந்திக்கும் இடத்தில் இருப்பதும் இதுவே. அங்கே அது சேர்ப்பதோடு, சுழலவும் விடுகிறது. சேர்ந்தும் அசையவேண்டும் என்ற இந்த வேலையை எந்தப் பசையும் எந்த வெல்டிங்கும் செய்துதர முடியாது. இரும்பும் இரும்பும் மட்டுமல்ல, ஒன்றோடொன்று உருகிக் கலக்கவே கலக்காத பொருள்களையும் ரிவெட் சேர்க்கும். குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது 1912-ல் சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி. குரோம் முறையில் பதனிட்ட தோல் வாராகவோ பையாகவோ மாறும்போது, இழுவிசை அதிகம் விழும் மூலையில் தையலுக்குத் துணையாக ஒரு பித்தளை ரிவெட் வரும். கால்சட்டைப் பையின் மூலையில் செம்பு ரிவெட் அடிக்கும் யோசனைக்கு ஜேக்கப் டேவிஸும் லெவி ஸ்ட்ராஸும் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1873-ல்.

பாலம், கொதிகலன், கப்பல் என்று பெரிய வேலைகளில் ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சி அடித்தார்கள். அடிக்கச் சுலபம் என்பதற்காக மட்டும் சூடேற்றினார்கள் என்று நினைப்பது அரை உண்மை. மீதி அரையில்தான் இயற்பியல் இருக்கிறது. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு செஞ்சூட்டிலிருந்து ஆறும்போது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் குறுகப் பார்க்கும். ஆனால் இரு தலைகளுக்கும் நடுவே தகடுகள் மாட்டிக்கொண்டிருப்பதால் குறுக இடமில்லை. சாதாரண எஃகு அந்த நீளத்தில் சுமார் 0.12 மில்லிமீட்டர் வரைதான் ரப்பர் போல நீண்டு தாங்கும். அதற்கு மேல் நிரந்தரமாகவே நீண்டுவிடும். ஆகவே ஆறி முடிந்த ரிவெட் தன்னால் தாங்கக்கூடிய இழுவிசையின் விளிம்பில் நின்றுகொண்டு தகடுகளை இறுக்கிக் கவ்வுகிறது. சூட்டில் அடித்த இணைப்பில் சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது ஆணியின் தண்டு அல்ல, அந்தக் கவ்வலால் தகடுகளுக்கு இடையே பிறக்கும் உராய்வு. இரண்டு உள்ளங்கைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தால் விளங்கும். கைகள் ஒட்டவில்லை, ஆனால் நழுவவும் இல்லை.

இந்த இணைப்பை முதன்முதலில் முறையாக அளந்து பார்த்தவர்களில் ஒருவர் மான்செஸ்டரின் வில்லியம் ஃபேர்பேர்ன். முழுத் தகட்டின் வலு 100 என்றால், இரண்டு வரிசை ரிவெட் அடித்த இணைப்பின் வலு 70, ஒற்றை வரிசை அடித்ததன் வலு 56 என்பது அவர் கணக்கு. துளை போட்ட இடத்தில் தகடு குறைகிறது. ரிவெட்டின் விலை அது. இந்த 70, 56 என்ற இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும். ரிவெட் அடிக்கும் இயந்திரத்தை 1837 வாக்கில் அவர் உருவாக்கியதற்குக் காரணம் அறிவியல் ஆர்வம் மட்டுமல்ல, கொதிகலன் தொழிலாளர்களின் வேலைநிறுத்தமும்தான். கையால் அடிப்பதற்கு ஒரு குழுவே தேவைப்பட்டது. ஒருவர் உலையில் காய்ச்ச, ஒருவர் வாளியில் பிடித்துத் துளையில் செருக, ஒருவர் பின்னால் முட்டுக்கொடுக்க, ஒருவரோ இருவரோ சம்மட்டி போட வேண்டும். கொதிகலனுக்குள்ளே முட்டுக்கொடுத்து நின்றவர்களின் காது போய்விடும். ஆங்கிலத்தில் தொழில்வழிச் செவிட்டுத்தன்மைக்கு நெடுங்காலம் கொதிகலன்காரர் செவிடு என்றே பெயர் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரிவெட் பாலங்களை விட்டு வெளியேறியதற்கு முதன்மைக் காரணமும் இந்தக் குழுதான். 1943-ல் திறந்த ஹௌரா பாலத்தின் சுமார் 26,500 டன் எஃகு முழுவதும் ரிவெட்டால் நிற்கிறது; அந்த அளவு வேலைக்குத் தேவையான பழகிய கைகள் அப்போது கிடைத்தன. பிறகு உயர்வலு போல்ட்டுகள் வந்தன. அதே கவ்வலை, உலை இல்லாமல், தீப்பொறி இல்லாமல், இரண்டு பேரும் ஒரு ஸ்பானரும் தந்துவிட முடிந்தது. வெல்டிங் துளையையே இல்லாமலாக்கியது. அதனால் எடை குறைந்தது, எஃகு மிச்சமானது. 1955-ல் பெரம்பூரில் சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., அடிச்சட்டமும் கூடும் ஒன்றாக வெல்டிங் செய்த பெட்டிகளைக் கட்டத் தொடங்கியது. மரக்கூடும் ரிவெட் அடிச்சட்டமுமாக இருந்த பழைய பெட்டி விபத்தில் நொறுங்கும். இது அவ்வளவு எளிதில் நொறுங்காது. பாம்பனில் இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு தகடு இரண்டாகவே இருந்தால் நடுவே ஒரு மயிரிழை இடுக்கு இருக்கும். கடல்நீர் அதற்குள் போகும், வெயில் உள்ளே எட்டாது, பெயிண்டும் எட்டாது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடுக்கில் ஊறிய துரு தகடுகளைப் பிளந்து ரிவெட்டின் தலையைத் தெறிக்கவைத்துவிடும். உலகிலேயே உப்பரிப்பு மிகுந்த இடங்களில் ஒன்றில் இடுக்கே இல்லாத இணைப்பைத் தேர்ந்தது சரியான முடிவு. அங்கே ரிவெட்டுக்காக வாதாட ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்றாகிவிடுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை உலகம் 1943 ஜனவரி 16 இரவு ஓரிகனின் போர்ட்லாண்டில் பார்த்தது. ‘ஸ்கெனெக்டடி’ என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல், புயலும் இல்லை, அலையும் இல்லை, கரையோரம் கட்டிக்கிடந்தபடியே நடுவில் பிளந்தது. போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிய வெல்டிங் கப்பல்களில் ஒன்று அது. ‘லிபர்ட்டி’ வகையில் மட்டும் சுமார் 2,700 கப்பல்கள்; அவற்றிலும் பலவற்றில் இதுபோல விரிசல்கள் ஓடின. வெல்டிங்கின் மீது பழி போடுவது நியாயமா என்று கேட்கலாம். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் ஆராய்ந்து காட்டியது வேறொன்றை: குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனதும் அந்த எஃகே கண்ணாடி போல உடையும் குணத்துக்கு மாறிவிடுகிறது. குற்றவாளி எஃகுதான், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். என்றாலும் அதே மட்டமான எஃகில் கட்டிய பழைய கப்பல்கள் இப்படி இரண்டாகவில்லை. காரணம், ரிவெட் கப்பலில் ஒரு தகட்டில் தொடங்கிய விரிசல் அந்தத் தகட்டின் விளிம்பில் வந்து நின்றுவிடும். அடுத்தது வேறு தகடு. விரிசலுக்குத் தாண்ட வழியில்லை. வெல்டிங் கப்பலோ முழுக்க ஒரே தகடு, விரிசலுக்குத் தங்குதடையற்ற நெடுஞ்சாலை. பொறியாளர்கள் கண்ட தீர்வுகளில் ஒன்று என்ன தெரியுமா? வெல்டிங் செய்த கப்பலின் நெடுக ரிவெட் அடித்த பட்டைகளைச் சேர்த்தார்கள், விரிசல் அங்கே வந்து நிற்கட்டும் என்று. வென்றதாகச் சொல்லப்படும் முறை, தோற்றதைக் காவலுக்கு அழைத்த கதை இது.

இந்தத் தத்துவம் சோழமண்டலக் கரைக்குப் புதிதல்ல. துறைமுகம் கட்டப்படும் முன், சென்னைக்கு வந்த கப்பல்கள் கடலில் தொலைவில் நங்கூரமிட, ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலை தாண்டிக் கரை சேர்ந்தன. அந்தப் படகின் பலகைகளைச் சேர்த்தது ஆணி இல்லை, கயிற்றுத் தையல். ஆணி அடித்து இறுக்கிய ஐரோப்பியப் படகு கரையலையில் தரைதட்டினால் உடையும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். சேர்ப்பு என்றால் இறுகுவது என்று நினைத்துப் பழகியவர்களுக்கு அந்தப் படகு ஏளனமாகத்தான் தெரிந்திருக்கும், முதல் அலை வரும்வரை.

விமானத்துக்கு வருவோம். ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், பாம்பனின் ரிவெட் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து, 1950-களில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தார். சி. ராஜம் 1949-ல் நிறுவிய அந்தக் கல்லூரியில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்கள் தன்னை ஈர்த்ததாக அவர் பின்னால் எழுதியிருக்கிறார். 1954-ல் விமானப் பயிற்சி ஆசிரியர்களுக்கான பள்ளி தாம்பரம் தளத்துக்கு வந்துசேர்ந்தது. அங்கே பறந்த கிரண் ஜெட் போன்ற விமானங்களின் தோல் அலுமினியக் கலப்புலோகம். 1906-ல் ஆல்ஃபிரட் வில்ம் ஜெர்மனியில் கண்டறிந்த டுராலுமினின் வழிவந்தது அது. அலுமினியத்தோடு சிறிது செம்பைச் சேர்த்து, சூடேற்றி, சட்டென்று குளிர்வித்து, சில நாள் சும்மா வைத்தால் தானாகவே வலு ஏறும். இந்த வலு முழுவதும் வெப்பத்தால் சமைத்தது என்பதால், வெப்பத்தாலேயே கெட்டும்போகும். வெல்டிங் சுடர் பட்டால் அந்த இடத்தில் பதம் போய்விடும், ஆறும்போது விரிசலும் விடும். ஆகவே, சமைத்த தகட்டைச் சூடு காட்டாமல் சேர்க்க முதன்மையான வழி அடிப்பதுதான். சில ரிவெட்டுகளே இந்தக் கலப்புலோகத்தில் செய்தவை. குளிர்வித்த கையோடு அவற்றை உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். வெளியே எடுத்தால் சில நிமிடங்களுக்குள் அடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும். ஐஸ்கிரீமுக்கும் அதற்கும் விதி ஒன்றுதான், திசை மட்டும் நேர்மாறு. தலை துருத்தாத ரிவெட்டுக்கு எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று அறிய, இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் வழவழப்பான ரிவெட்டுகள் மீது உடைத்த பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். வேகம் மணிக்கு இருபது மைலுக்கு மேல் விழுந்தது. பிறகு பருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து எடுத்து, எந்த இடத்தில் மலிவான உருண்டைத் தலை போதும் என்று முடிவு செய்தார்கள்.

இங்கே மறுப்பு ஒன்று வரும், கனமான மறுப்பு. ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஒரு துளை வேண்டும். ஒவ்வொரு துளையும் விரிசல் பிறக்கும் இடம். போயிங் 747-ன் சுமார் 60 லட்சம் பாகங்களில் பாதி இத்தகைய இணைப்பாணிகள்தான். 1954-ல் அடுத்தடுத்து வானில் சிதறிய ‘காமெட்’ விமானங்களில் விரிசல் தொடங்கியது உடலின் வெட்டுமூலைகளை ஒட்டிய ஆணித்துளைகளில். 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பானில் 520 பேரைக் கொன்ற 747 விபத்துக்குக் காரணம், ஏழு ஆண்டுகளுக்கு முன் பின்பக்க அழுத்தச்சுவரில் செய்த பழுதுவேலை. இரண்டு வரிசை ரிவெட் சுமை தாங்க வேண்டிய இடத்தில் ஒரு வரிசைதான் தாங்கியது. 70-க்கும் 56-க்கும் உள்ள வித்தியாசத்தை ஃபேர்பேர்ன் அதற்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார். முறையைக் குற்றம் சொல்வதற்கு முன் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்னும் நெருடலானது 1988 ஏப்ரல் 28-ல் ஹவாயில் நடந்தது. 89,680 முறை பறந்த ‘அலோஹா’ நிறுவனத்தின் போயிங் 737-ன் கூரை 5 மீட்டருக்கு மேல் பிய்ந்து பறந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார். ஒரே வரிசையில் இருந்த துளைகள் எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் குட்டி விரிசல்கள் வளர்ந்து கைகோத்துக்கொண்டன. எல்லைக் காவலர்கள் அனைவரும் ஒரே நாளில் தூங்கிவிட்டால் எல்லை என்று ஒன்று இருந்தும் இல்லாததுதான். இந்த ஆபத்து உண்மை, இதை மழுப்ப முடியாது. ஆனால் துளைகளுக்கு அந்தச் சுமை எப்படி வந்தது என்று விசாரித்தபோது, தகடுகளுக்கு நடுவே பூசியிருந்த பசை ஈரம் பட்டு விட்டுப்போயிருந்தது தெரிந்தது. பசை தாங்க வேண்டியதையும் சேர்த்துச் சுமந்துதான் ரிவெட் களைத்தது. இத்தனைக்கும் பிறகு, கூரையில்லாத அந்த விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.

பசை என்றதும் அடுத்த மறுப்பு தயாராகிவிடும்: இப்போது விமானமே கார்பன் இழையில் வருகிறதே, போயிங் 787-ன் எடையில் பாதி அதுதானே, அங்கே ரிவெட்டுக்கு என்ன வேலை? இழைப்பொருளை ஒட்டலாம், உண்மைதான். ஆனால் பசையில் ஒரு சங்கடம் இருக்கிறது. இரு பரப்புகளும் இடைவெளியின்றித் தொட்டுக்கொண்டிருக்கும், அலை அனுப்பிச் சோதிக்கும் கருவி நன்றாக இருக்கிறது என்று சொல்லும். ஆனால் வலு எதுவுமே இருக்காது. பிரித்துப் பார்த்தால்தான் தெரியும், பிரித்தால் விமானம் போச்சு. ஆகவே பசையால் போதும் என்று கணக்கு சொன்ன இடத்திலும் பொறியாளர்கள் சில ஆணிகளைக் கூடுதலாக அடித்துவைக்கிறார்கள். தொழிலில் அவற்றுக்குக் ‘கோழை ரிவெட்’ என்ற பொருளில் கேலிப்பெயர் உண்டு. கோழைத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு இணைப்பை நம்புவதற்கு அது எவ்வளவு தாங்கும் என்று தெரிந்தால் மட்டும் போதாது, அது கெட்டுப்போகும்போது வெளியே தெரியுமா என்பதும் தெரிய வேண்டும். ரிவெட் பாலத்தைச் சோதிக்கும் ரயில்வே ஊழியரின் கருவி 110 கிராம் எடையுள்ள ஒரு சின்னச் சுத்தியல்தான். தலையின் ஒரு பக்கம் விரலை வைத்து மறுபக்கம் தட்டுவார். தளர்ந்திருந்தால் அதிர்வு விரலுக்குத் தெரிந்துவிடும். வெல்டிங்கின் உள்ளே ஒளிந்திருக்கும் குமிழியைப் பார்க்கக் கதிர்ப்படமோ செவியுணரா ஒலியோ வேண்டும், அவற்றைப் படிக்கத் தெரிந்தவரும் வேண்டும்.

அதனால்தான் ரிவெட் தங்கியிருக்கும் இடங்களைத் தேட விமானம் வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. வண்டலூர்ப் பக்கமிருந்து தாம்பரத்துக்கு வரும் லாரியின் நீளச்சட்டத்தையும் குறுக்குச்சட்டத்தையும் பாருங்கள். குண்டு குழியில் ஏறி இறங்கும்போது அந்தச் சேஸ் முறுக்கிக் கொடுக்க வேண்டும். வெல்டிங் செய்தால் சூடு பட்ட ஓரத்தில் விரிசல் விடும். அதனால் தொழிற்சாலையில் அதைக் குளிர்நிலையிலேயே அழுத்தி ரிவெட் செய்கிறார்கள். மாநகரப் பேருந்தின் எஃகு எலும்புக்கூட்டின் மேல் போர்த்திய அலுமினியத் தகடும் இப்படித்தான் நிற்கிறது. எஃகையும் அலுமினியத்தையும் சாதாரணமாக உருக்கிச் சேர்க்க முடியாது என்பது ஒரு காரணம். பக்கத்தில் வந்த வேன் உரசி ஒரு தகடு நசுங்கினால், டிரில்லால் ரிவெட் தலைகளைச் சீவி, அந்த ஒரு தகட்டை மட்டும் கழற்றி, புதியதை வைத்துப் பாப் ரிவெட் கன்னால் ஒரு பக்கமிருந்தே அடித்துப் பிற்பகலுக்குள் வண்டியை வழித்தடத்துக்கு அனுப்பலாம் என்பது பணிமனைக்காரர் அறிந்த காரணம். அதே பேருந்தின் சக்கரத்துக்குள் பிரேக் ஷூவில் லைனிங்கைப் பிடித்திருப்பதும் மென்மையான ரிவெட்டுகள். தலைகளை லைனிங்கின் பரப்புக்குக் கீழே அமிழ்த்தி அடித்திருப்பார்கள். லைனிங் தேயத் தேய, பரப்பு தலையை நோக்கி இறங்கும். மாற்றவேண்டிய நாளையும் தாண்டி ஓட்டினால் ரிவெட் தலை டிரம்மில் உரசிக் கீச்சென்று கத்தும். பல்லாவரம் சிக்னலில் பிரேக் பிடிக்கும் லாரியிலிருந்து அந்தச் சத்தம் வந்தால், கிளீனர் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார்.